வீட்டைக் காப்பதும் ஏட்டைக் காப்பதும்

ஐரோப்பியர் வாழ்ந்த பழைய வீடுகளைப் பழுதுபார்த்து அருங்காட்சியகங்களாக்கும் முயற்சி நம் காலத்தில் பெருகி வருகிறது. அது வரவேற்கத்தக்க முயற்சியே. எனினும், அத்தகைய வீடொன்றினுள் நுழையும்போது நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. இவ்வீட்டில் வாழ்ந்தவர் யார் என்பதை வாயிலிலுள்ள பலகையே சொல்லிவிடும். இவ்வீட்டிற்கு வந்து போனவர்கள் யாவர், அவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை எவை, அவை இன்று எங்கே உள்ளன என்பதையே நாம் கேட்டறிதல் வேண்டும். தரங்கம்பாடியிலுள்ள சீகன்பால்கு இல்லத்தை முன்வைத்து இவ்வினாவை எழுப்ப விரும்புகிறோம். எழுப்பிய வினா நம் ஜலகண்டாபுரம் வட்டாரத்து வீடுகளின் பரண்வரை நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும்.

முதற்கண் ஒரு தெளிவு தேவை. இந்திய மண்ணில் ஜெர்மானியர்க்கெனத் தனிக் காலனி இருந்ததில்லை. அவர்கள் வந்தது பிறர் கொடியின் கீழேயே ஆகும். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620ஆம் ஆண்டில் டேனியர்க்குத் தரங்கம்பாடியில் வணிகம் செய்ய இசைவளித்தார். டென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் விடுத்த பொன்னேட்டு மடல் இன்றும் டென்மார்க்கில் பேணப்படுகிறது. அக்காலத்தில் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. 1845ஆம் ஆண்டில் டேனியர் அவ்வூரை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டு அகன்றனர். இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஆண்ட டேனிய ஆளுநர்களில் ஒருவர் பெயரேனும் தமிழ் மக்களின் நாவில் நிலைக்கவில்லை. நிலைத்த பெயர் டேனிய மன்னரால் அனுப்பப்பட்ட ஜெர்மானியர் ஒருவருடையது. ஆள வந்தவனை மறந்து, தம் மொழியைக் கற்க வந்தவனை நினைவில் வைத்திருப்பது தமிழர் இயல்பு போலும்!

பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரிற் பிறந்து, ஹாலே நகரில் பயின்றவர். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆணையின்படி, ஹைன்ரிக் புளுட்சோ என்பாருடன் 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையை அடைந்தார். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ இருபத்து நான்கு. தமிழில் ஓரெழுத்தும் அறியார். முதிய ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, அவருடைய திண்ணைப் பள்ளியையே தாம் தங்கியிருந்த இடத்திற்கு வரவழைத்தார். ஊர்ப்பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியபோது, அவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுதினார். கடல் கடந்து கற்பிக்க வந்தவர் முதலிற் செய்தது, சிறுவர் வரிசையிலே அமர்ந்து கற்றதாகும். அவ்வில்லத்திற்கு ஒரு பெருமை உண்டெனின், அதன் சுவரினும் தூணினும் இந்நிகழ்ச்சியே பெருமை தருவது என்பது நம் துணிபு.

அவருக்கு உறுதுணையாயிருந்தோர் இருவர். ஒருவர், கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்திருந்த அழகப்பன். ஜெர்மானியரின் குறிப்புகளில் அவர் பெயர் 'அலெப்பா' எனச் சிதைந்து காணப்படுகிறது. மற்றவர் கணபதி வாத்தியார் என்னும் இளம்புலவர். சீகன்பால்குவோடு பழகியமையால் இவ்விருவரும் பட்ட இன்னல்கள் தனியே எழுதத்தக்கவை. சீகன்பால்குவும் இன்னலுக்குத் தப்பவில்லை. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் அவள் பக்கம் நின்றமையும், கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்குகளும் அவரை 1708ஆம் ஆண்டின் இறுதியில் டேன்ஸ்போர்க் கோட்டைச் சிறைக்குக் கொண்டு சென்றன. ஏறத்தாழ நான்கு திங்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தார்.

அச்சுப்பணியைப் பற்றித் தமிழுலகம் நன்கறியும்; ஆதலின் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்வோம். தமிழ் எழுத்துகளில் அச்சிடுதல் அவர்க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. அறுபட்டுப் போயிருந்த அவ்வழக்கத்தைத் தரங்கம்பாடி மீண்டும் தொடங்கிவைத்தது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாயிருந்து தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். பாலாடைக்கட்டி வந்திறங்கிய ஈயப்பெட்டிகளை உருக்கி அவ்வெழுத்துகளை வார்த்தனர் என அச்சு வரலாறு எழுதுவோர் கூறுவர். பொறையாற்றில் காகிதப் பட்டறை அமைந்த இடம் கடுதாசிப்பட்டறை எனப் பெயர் பெற்றது. புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. தமிழிலக்கணத்தை இலத்தீன் மொழியில் விளக்கும் அவருடைய நூல் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. 1718இல் புதிய எருசலேம் தேவாலயத்தைக் கட்டி முடித்தார்; 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மறைந்து, அங்கேயே அடக்கமானார். நாற்பது அகவையைக்கூட எட்டாத வாழ்வு அது.

நம் கருத்துக்குரிய செய்தி, அச்சுப்பொறி வருவதற்கு முன்னரே நிகழ்ந்ததாகும். வந்து இரண்டே ஆண்டுகளில், அஃதாவது 1708இல், தாம் தேடித் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு அவர் ஒரு பட்டியல் எழுதினார். 'மலபார் நூலகம்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் அது வழங்குகிறது. அக்கால ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்றே அழைத்தனர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. நூற்பெயர்களை அடுக்கிச் செல்லும் வெறும் பட்டியலன்று அது. ஒவ்வொரு நூலும் எதனைப் பற்றியது, எத்தகையது, யார் அதனை விரும்பிப் படிக்கின்றனர் என்னும் செய்திகளைத் தம் கருத்தோடு சேர்த்து எழுதியுள்ளார். திருக்குறளும் உண்டு, சிவவாக்கியமும் உண்டு, பள்ளிச் சிறுவர் படிக்கும் நீதி நூல்களும் உண்டு. அந்நீதி நூல்களுள் சிலவற்றை அதே ஆண்டில் ஜெர்மன் மொழியிற் பெயர்க்கவும் செய்தார்.

அப்பட்டியலின் பகுப்பு முறையை நம் மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தம் சபையார் நூல்கள், உரோமன் கத்தோலிக்கர் நூல்கள், சைவ வைணவ முதலிய தமிழ்ச் சமயத்தார் நூல்கள் எனப் பகுத்தவர், முஸ்லிம்களின் தமிழ் நூல்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்றையும் வகுத்துள்ளார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில், தமிழில் எத்தகைய நூல்கள் வழங்குகின்றன என்று வினவித் திரிந்த ஓர் அயலாருக்கு, முஸ்லிம்கள் இயற்றிய தமிழ் நூல்கள் கண்ணில் பட்டன. அவற்றையும் தமிழ் நூலென்றே எழுதினார். நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் இஸ்லாமியத் தமிழிலக்கியம் நெடுங்காலம் ஓரிரு பத்திகளில் ஒதுக்கப்பட்டுக் கிடந்ததை எண்ணுகையில் இதன் அருமை விளங்கும். வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியது. ஆயினும் அந்நூலின் பெயரைக்கூடக் கேளாமல் தமிழ் முதுகலைப் பட்டம் பெற்றோர் அண்மைக்காலம்வரை இருந்தனர், இன்றும் இருக்கக்கூடும்.

சீகன்பால்குவை நாம் மிகைப்படப் புகழ வேண்டுவதில்லை. அவர் சமயம் பரப்ப வந்தவர். பிற சமயத்தார் நூல்களை அவர் திரட்டியதன் நோக்கங்களுள் ஒன்று, அவற்றை அறிந்து மறுப்பதாகும். நம் மார்க்கத்தாரோடும் அவர் வாதிட்டார். ஆனால் மறுப்பதற்கு முன் படிக்க வேண்டும், படிப்பதற்கு முன் அந்நூல் இன்னதென்று எழுதிவைக்க வேண்டும் என்னும் ஒழுங்கு அவரிடம் இருந்தது. படித்தபின் அவருடைய எண்ணமும் மாறியது. தமிழரை நாகரிகமற்றவர் என எண்ணி வந்த தாம், அவர்தம் நூல்களைக் கற்றபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டதாக அவரே தம் நாட்டார்க்கு எழுதினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி முடித்த பெருநூல் ஹாலேக்குச் சென்றபோது, அங்கிருந்த அவருடைய ஆசான் பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. பிற சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர், அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கேள்வி. அந்நூல் 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அதனைக் காத்தது ஹாலேயின் அலமாரி. அச்சிட மறுத்தவர்களும் அதனை எறிந்துவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்க.

இனி ஒரு கசப்பான செய்தி. அவ்வேடுகள் அவருக்குக் கிடைத்த வழியை அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். தம்மிடம் பணிபுரிந்த தமிழ் எழுத்தர்களைப் பல நாள் வழிநடைத் தொலைவிலுள்ள உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, இறந்துபோன கற்றவர்களின் கைம்பெண்களிடமிருந்து ஏடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கச் செய்தார். ஒரு கைம்பெண்ணுக்காகச் சிறை சென்றவரும் இவரே. கைம்பெண்களின் இல்லாமையால் நூலகம் நிரப்பியவரும் இவரே. படித்தவர் மறைந்தார், படிக்கத் தெரியாத மனைவியின் கையில் ஏடு எஞ்சியது, வீட்டில் அரிசி இல்லை, வாயிலில் காசோடு ஒருவர் நின்றார். அப்பெண்களை நாம் குறை கூற ஒண்ணாது. ஆனால் அவர்களுள் ஒருவர் பெயரும் அப்பட்டியலில் இல்லை. அவ்வாறு திரட்டப்பட்ட ஏடுகளிற் பெரும்பகுதி பின்னாளில் சிதறியது. ஹாலேயிலும் கோபன்கேகனிலும் தமிழ்ச்சுவடிகள் சில இன்றும் உள்ளன. தமிழர் பலர் அவருடைய வினாக்களுக்கு விடையாக எழுதிய மடல்களும் ஜெர்மன் மொழிபெயர்ப்பாகவே நமக்குக் கிடைக்கின்றன. எஞ்சியது பட்டியலே. அப்பட்டியலை வில் ஸ்வீட்மன் என்னும் அறிஞர் இலக்குவனின் துணையோடு ஆராய்ந்து 2012இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டார். ஏடு அழிந்த பின்னும் அது இருந்தது என்று சான்று சொல்ல ஒரு பட்டியல் போதுமானதாயிற்று.

இப்போது வீட்டிற்கு வருவோம். சீகன்பால்கு வாழ்ந்த இல்லம் நீண்டகாலம் பழுதுற்றுக் கிடந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தரங்கம்பாடியைக் கடுமையாகத் தாக்கியது. அதன் பின்னரே உலகின் கண் அவ்வூர்ப் பழங்கட்டடங்களின் மேல் மிகுதியாகத் திரும்பியது. ஹாலேயிலுள்ள பிராங்கே அறநிறுவனம், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோடு இணைந்து அவ்வில்லத்தைச் செப்பனிட்டு, 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பண்பாடுகளுக்கிடையே நிகழும் உரையாடலே அதன் பொருளாக அறிவிக்கப்பட்டது. ஒருவரைப் புகழும் நினைவில்லமாக நிறுத்திவிடாமல், உரையாடல் என்னும் பெயரை அதற்குச் சூட்டியமை பாராட்டத்தக்கது. உரையாடல் என்றால் இருவர் வேண்டுமன்றோ! அழகப்பனும், கணபதி வாத்தியாரும், பெயர் தெரியாத அம்முதிய ஆசிரியரும், ஏடு விற்ற கைம்பெண்களும், முஸ்லிம் தமிழ்ப் புலவர்களும் மறுதரப்பில் இருப்பவர்கள். அவ்வில்லத்தைக் காணச் செல்லும் நம் மாணவர்கள் கோட்டையின் முன்னும் கடலின் முன்னும் நின்று படமெடுத்துத் திரும்பிவிடாமல், இம்மறுதரப்பினரை அங்கே தேடிப் பார்த்தல் வேண்டும்.

இதனை ஒத்த வீடுகள் வேறிடங்களிலும் உள. தலைச்சேரியை அடுத்த இல்லிக்குன்றில், மலையாள அகராதி கண்ட ஹெர்மன் குண்டர்ட் இருபதாண்டுகள் வாழ்ந்த மாளிகை இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. அவரும் ஜெர்மானியரே, அவருடைய அகராதி 1872இல் வெளிவந்தது. கேரளத்திற்குச் செல்லும் முன்னர்த் தமிழகத்தில் தங்கித் தமிழ் கற்றவர் அவர். ஆப்பிரிக்காவிலோ ஜெர்மனி உண்மையாகவே காலனி கொண்டிருந்தது. ருவாண்டா நாட்டுத் தலைநகராகிய கிகாலியில், ஜெர்மன் அரசின் பேராளராக இருந்த ரிச்சர்டு கான்ட் என்பாரின் இல்லம் காக்கப்படுகிறது. 1907இல் கிகாலி நகரத்திற்கு வித்திட்டவர் எனப்படுபவர் அவர். அவ்வில்லத்து அருங்காட்சியகம், ஜெர்மானியர் வருமுன் ருவாண்டா மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதிலிருந்து தொடங்கி, அதன்பின்னரே காலனிக் காலத்தை விளக்குகிறது. வீடு ஆண்டவனுடையது, கதை ஆளப்பட்டவனுடையது என்னும் இம்முறை நமக்குப் பிடித்திருக்கிறது. பிறர் கட்டிய வீட்டை இடிக்காமலும், அதற்கு முன் மண்டியிடாமலும் காப்பதற்கு இதனினும் நல்ல வழி வேறில்லை.

தரங்கம்பாடி எங்கே, நம்மூர் எங்கே என அன்பர்கள் வினவக்கூடும். நம் கல்லூரிக்கு ஜலகண்டாபுரம், எடப்பாடி, தாரமங்கலம், ஓமலூர், சங்ககிரி, நாமக்கல் எனப் பல ஊர்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். கல்லைக் காப்பது இப்பகுதியினர்க்குப் புதிதன்று. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிற் சிற்பங்களை உலகமே வந்து காண்கிறது. சங்ககிரிக் கோட்டையும் நாமக்கல் மலைக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. இரு மலைகளிலும் கோயிலும் உண்டு, தர்காவும் உண்டு. கல் தானே நிற்கும். நிற்காதது தாளும் ஓலையும். தறி ஓசை கேட்கும் ஜலகண்டாபுரத்துத் தெருக்களில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு மாடி வீடுகளாகி வருகின்றன. இது வருந்தத்தக்கதன்று, நெசவாளர் குடும்பம் ஒழுகாத கூரையின் கீழ் வாழ்வது நல்லதே. ஆனால் ஓடு பிரிக்கும் நாளில் பரணிலிருந்து இறங்கும் தகரப்பெட்டி எங்கே போகிறது?

இழப்பு என்பது நம் பகுதியினர் அறியாததன்று. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீருக்குள் ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பகுதியில் பழைய கோயிலின் நந்தியும் பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளிப்பட்டு நிற்பதைக் காண மக்கள் திரள்வதுண்டு. கல் நீருக்குள்ளிருந்தும் மீண்டு வரும். அவ்வூர்களைவிட்டுப் பெயர்ந்தோர் மூட்டைகளில் எத்தனை ஏடுகள் இருந்தன என்பதை எந்தக் கோடையும் நமக்குக் காட்டப்போவதில்லை.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இழப்பு இன்னொரு வழியாகவும் நேர்கிறது. அது பற்றிப் பெரியோர்கள் பொறுமையுடன் சிந்தித்தருள வேண்டுகிறோம். பழுதுற்ற திருமறைத் தாள்கள் காலில் மிதிபடலாகாது என்னும் அச்சத்தால் அவற்றைத் தூய இடத்திற் புதைப்பதும், ஓடும் நீரிலோ கிணற்றிலோ விடுவதும் நம் முன்னோர் வழக்கம். அது மரியாதையின் வெளிப்பாடே, அதில் ஐயமில்லை. ஆனால் அரபுத்தமிழ் என்றோர் எழுத்துமுறை நம்மிடையே வழங்கிற்று. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளும் படைத்துக்கொண்டனர். மார்க்கச் சட்டம், மருத்துவம், மாலைப் பாட்டு, தாலாட்டு, கணக்கு, கடிதம் என அனைத்தும் அவ்வெழுத்தில் எழுதப்பட்டன. பெண்கள் எழுத்தறிவு பெற்றதும் பெரும்பாலும் அதன்வழியேதான். இன்றைய தலைமுறைக்கு அவ்வெழுத்தைக் கண்டால் அனைத்தும் திருமறையாகவே தோன்றுகிறது. விளைவு, பல்வலிக்குக் கூறிய மருந்துக் குறிப்பும், பேத்திக்குப் பாடிய தாலாட்டும் மிகுந்த மரியாதையோடு புதைக்கப்படுகின்றன. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் ஏடுகளை விட்ட செய்தியைக் கேட்டு உ.வே. சாமிநாதையர் உள்ளம் நொந்ததை நாம் வகுப்பில் பாடமாகச் சொல்கிறோம். நம் வீட்டுக் கிணறுகளைப் பற்றி யாரும் பாடம் சொல்வதில்லை.

நாமறிந்த ஊரொன்றில் பள்ளிவாசலைப் புதுப்பித்தார்கள். பளிங்குத் தரை வந்தது. வளைந்த அலங்கார முகப்பு வந்தது. தொழுகைக்கு இடமும் பெருகியது. மகிழ்ச்சியே. பழைய மரத்தூண்கள் விறகுக்கடைக்குப் போயின. உட்புற அலமாரியில் மூன்று அடுக்கு நிறைய இருந்த கையெழுத்து நூல்களைக் கிதாபுகள் என்று மட்டும் கருதி, இரண்டு கோணிகளில் கட்டி, முறைப்படி அடக்கம் செய்துவிட்டனர். செய்தவர் ஒருவரும் தீய எண்ணம் கொண்டவரல்லர்; அவர்களுள் அவ்வெழுத்தை ஓதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதே காரணம். அவற்றில் என்னென்ன இருந்தன என்று நாம் கேட்டபோது, "பழசு" என்னும் ஒரு சொல்லே விடையாகக் கிடைத்தது. தரங்கம்பாடியில் ஏடு அழிந்தும் பட்டியல் எஞ்சியது. இங்கோ இரண்டுமில்லை.

அச்சேறியவை பிழைத்த வரலாறும் நமக்குத் தெரிந்ததே. உமறுப்புலவரின் சீறாப்புராணம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டித் தோன்றியது. செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஊர் ஊராய் ஏடு தேடிப் பரிசோதித்து 1842இல் பதிப்பிக்காதிருந்தால், நம் பாடத்திட்டத்தில் அதன் பெயர் மட்டுமே இருந்திருக்கும். பின்னாளில் இலங்கையிலிருந்து வந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல் கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழிலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அத்தொகுதிகளை நம் நூலகத்தில் எடுத்துப் புரட்டினால், ஏடு கிடைத்த இடங்களாகக் காயல், கீழக்கரை, நாகூர் எனக் கடலோர ஊர்களின் பெயர்களே மிகுதியாக எதிர்ப்படும். உள்நாட்டில் புலவரும் இல்லை, ஏடும் இல்லை என்று இதற்குப் பொருளாகுமா? இராவுத்தர் குடும்பங்களும், உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழும் சேலம் நாமக்கல் சமவெளியில் எழுதப்பட்ட எதுவும் இல்லை என்பதை நாம் ஏற்கத் தயங்குகிறோம். போய்க் கேட்டவர் இல்லை என்பதே நம் கருத்து.

கேட்பதற்குத் தடைகள் உண்டு. அவை நியாயமானவையும் ஆகும். பழைய தாளைக் கேட்டு வருபவர்மேல் வீட்டாருக்கு ஐயம் எழும். சொத்துப் பத்திரத்தைத் தேடுகிறார்களோ என்பர். வாங்கிச் சென்றவர் திருப்பித் தந்ததில்லை என்பர். பல இடங்களில் அது மெய்யும்கூட. ஆராய்ச்சிக்கென்று எடுத்துச்சென்ற பாட்டனாரின் கையேடு பட்டம் பெற்றவரின் அலமாரியிலேயே தங்கிவிட்ட கதைகளைக் கேட்டிருக்கிறோம். கைம்பெண்களிடம் குறைந்த விலைக்கு வாங்கிய சீகன்பால்குவின் எழுத்தர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு என்ன? அவர்களாவது காசு கொடுத்தனர்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. ஏட்டை எடுக்க வேண்டா; எழுதிக்கொண்டு வந்தால் போதும். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா தம் கைப்பொருளைக் கொண்டே திரட்டிய தமிழ் நூல்கள், 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. அத்தகைய பொருளும் இடமும் நம் துறைக்கு இல்லை. நம்மிடம் இருப்பது ஆண்டுதோறும் வரும் மாணவர் கூட்டம். விடுமுறையில் தம் ஊருக்குச் செல்லும் கால்கள். தம் தெருவில் "இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று அறியப்பட்ட முகங்கள். அயலாரைக் கண்டு அடைக்கும் கதவு தெருப்பிள்ளையைக் கண்டு திறக்கும். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டையும் உறவினர் வீட்டையும் மட்டும் பார்த்து வந்தாலே, சீகன்பால்கு இரண்டாண்டில் எழுதியதை நாம் ஒரு விடுமுறையில் எழுதலாம். முஸ்லிம் மாணவர்களுக்கு மட்டுமான பணியும் அன்று இது. நெசவாளர் வீட்டுக் கணக்கேடு, சித்த மருத்துவர் வீட்டுச் சுவடி, கூத்துக் கலைஞர் வைத்திருக்கும் கையெழுத்துப் பிரதி ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் இடம்பெறத் தக்கவையே. அயலார் ஒருவர் நம் நூல்களுக்குத் தம் பட்டியலில் இடம் தந்தார். நாம் நம் அண்டை வீட்டார்க்கு இடம் தராதிருத்தல் முறையாகுமா?

எழுத வேண்டியவை மிகுதியல்ல. ஏடு ஓலையா தாளா, எழுத்து தமிழா அரபுத்தமிழா உருதுவா, எத்தனை இதழ்கள், முதல் வரியும் இறுதி வரியும் யாவை, பூச்சி அரித்துள்ளதா, அவ்வீட்டில் அதனை ஓத வல்லவர் எவரேனும் உளரா என்பனவே. வீட்டாரின் பெயரை வெளியிடுவதா வேண்டாவா என்பதை அவர்களே முடிவு செய்க. ஏட்டைக் காட்டியவர் பெண்ணாயின், அவர் இசைந்தால் அவர் பெயரையே முதலில் எழுதுக. ஓதத் தெரிந்த மூதாட்டியரின் குரலைக் கைப்பேசியிற் பதிந்துகொள்ளுதல் எல்லாவற்றினும் முந்திச் செய்ய வேண்டியது. அவர்களுள் இளையவருக்கே எழுபது அகவை கடந்துவிட்டது. பழந்தாள்களை அடக்கம் செய்யும் முன், அரபுத்தமிழ் அறிந்த ஓர் ஆலிமிடமாவது, நம் துறையிடமாவது ஒரு முறை காட்டிவிட்டுச் செய்யுமாறு ஜமாஅத்துப் பெரியோர்களும் முத்தவல்லிமார்களும் ஜும்ஆ நாளில் ஓர் அறிவிப்புச் செய்தருளினால் பேருதவியாகும். திருமறைத் தாளெனின் வழக்கம்போல் அடக்கம் செய்யட்டும். வேறெனின் எழுதிக்கொண்டபின் வீட்டாரிடமே திருப்பித் தரப்படும். பட்டியல் எழுதுவதற்கான குறிப்பேட்டை முதலாண்டு மாணவர்களுக்குத் துறையே வழங்கலாம். ஜலகண்டாபுரத்தில் எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது என்பதைத் தமிழ் மன்றம் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யட்டும். அவ்வூரில் இவ்வாண்டு ஓடு பிரிக்க இருக்கும் வீடுகள் இருப்பின் அவற்றிற்கே முதலிற் செல்க.